தமிழ்ப்பள்ளியிலிருந்து வந்த பிள்ளைக்கு எஸ்.பி.எம். வரலாறு ஏன் கசக்கிறது?

மலேசியாவின் பேராக் மாநிலத்தில் உள்ள சுங்கை சிப்புட்டிலிருந்து ஒரு தாய் கேட்டிருக்கிறார். மகன் படிவம் 4, அடுத்த ஆண்டு படிவம் 5 முடிவில் எஸ்.பி.எம். என்ற அரசுத் தேர்வை எழுத வேண்டியவன். தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் படித்து இடைநிலைப்பள்ளிக்கு வந்தவன். கணிதமும் அறிவியலும் நன்றாக வருகின்றன. வரலாற்றில் நாற்பதைத் தாண்டவில்லை, மலாய்க் கட்டுரையிலும் தடுமாற்றம். அடுத்த ஆண்டு அரசியலமைப்பு, நாடாளுமன்றம் என்று வருமாமே, அதை எப்படிச் சமாளிப்பான்? பிரத்தியேக வகுப்புக்கு அனுப்பலாமா? தமிழ்ப் பாடத்தை விட்டுவிட்டால் மற்றவற்றுக்கு நேரம் கிடைக்குமா?

சகோதரி, கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். தமிழை விட வேண்டாம். ஏன் என்பது பின்னால் வரும்.

முதலில் வீட்டிலேயே ஒரு சோதனை செய்து பாருங்கள். மகன் கடைசியாகப் படித்த வரலாற்று அத்தியாயத்தைப் புத்தகத்தை மூடிவிட்டுத் தமிழில் உங்களுக்குச் சொல்லச் சொல்லுங்கள். ஜப்பானியர் ஏன் வந்தார்கள், வந்து என்ன செய்தார்கள், போன பிறகு என்ன மாறியது என்று அவனால் தட்டுத் தடுமாறியாவது சொல்ல முடிந்தால் அவனுக்கு வரலாறு வருகிறது, மலாய்தான் வரவில்லை. தமிழிலும் சொல்ல முடியவில்லை என்றால் அவன் படிக்கவே இல்லை. கோடு மட்டும் போட்டிருக்கிறான். தோட்டப்புறத்திலிருந்து வந்து என்னிடம் வரலாறு படித்த பிள்ளைகளில் பெரும்பாலோர் முதல் வகை. இரண்டு வகைக்கும் மருந்து வேறு. ஆனால் ஊரில் எல்லாருக்கும் ஒரே மருந்துதான் கொடுக்கப்படுகிறது: இன்னொரு குறிப்புப் புத்தகம்.

கணிதம் நன்றாக வருகிறதே என்று நிம்மதியாக இருந்துவிடவும் முடியாது. எஸ்.பி.எம். சான்றிதழ் கையில் கிடைக்க மலாய் மொழியிலும் வரலாற்றிலும் தேர்ச்சி கட்டாயம். வரலாறு அந்த இடத்துக்கு வந்தது 2013-இல். மற்ற பாடங்களில் எத்தனை ஏ வாங்கினாலும் இந்த இரண்டில் ஒன்று போனால் சான்றிதழ் இல்லை. மறுதேர்வு உண்டு, ஆனால் நண்பர்களெல்லாம் மெட்ரிகுலேஷன், பாலிடெக்னிக் என்று கிளம்பும்போது இவன் ஒரு தாளுக்காக ஊரில் உட்கார்ந்திருக்க வேண்டும்.

அடுத்து, புத்தகத்தில் என்ன இருக்கிறது என்பதைப் பெற்றோரும் ஒருமுறை புரட்டிப் பார்க்க வேண்டும். படிவம் 4 நூலில் பத்து அத்தியாயங்கள். பழைய மலாய் அரசுகளின் மரபில் தொடங்கி, தேசிய உணர்வு, ஜப்பானிய ஆட்சி, மலாயன் யூனியன், 1948-ஆம் ஆண்டுக் கூட்டரசு, அவசரகாலம், தேர்தல், அரசியலமைப்பு என்று போய் 1957-இல் முடிகிறது. பெரும்பகுதி கதைதான். ஒன்று நடந்ததால் இன்னொன்று நடந்தது என்று கோத்துப் படிக்கலாம். படிவம் 5 நூலின் முதல் நான்கு அத்தியாயங்கள் அப்படியல்ல. இறையாண்மை, கூட்டரசு அரசியலமைப்பு, அரசியலமைப்பு மன்னரும் நாடாளுமன்ற மக்களாட்சியும், கூட்டரசு முறை. இவை முழுக்க அரசாங்கப் பாடம். ஆறாம் படிவத்தில் பொதுப்பாடம் படிக்கும் வரை நம் பிள்ளைகளுக்கு அரசாங்கம் என்று தனிப்பாடம் கிடையாது. வரலாற்றுப் புத்தகத்துக்குள்ளேயே அது உட்கார்ந்திருக்கிறது. படிவம் 4-இல் ஓரளவு எழுதிய பிள்ளைகள் படிவம் 5 தொடக்கத்தில் சறுக்குவது இதனால்தான். கதை படிக்கிற கண்ணோடு சட்டத்தைப் படிக்கிறார்கள்.

தேர்வு முறை பற்றி ஒரு வார்த்தை. 2021 முதல் இரண்டே தாள்கள். முதல் தாளில் நாற்பது புறநிலைக் கேள்விகள். இரண்டாம் தாளில் கட்டமைப்புக் கேள்விகளும் கட்டுரையும். புத்தகத்தைத் திறந்து வைத்து எழுதும் மூன்றாம் தாள் முன்பு இருந்தது, இப்போது இல்லை. அண்ணன் அக்கா வைத்துவிட்டுப் போன பயிற்சி நூல்களைப் பல வீடுகளில் இன்னும் பயன்படுத்துகிறார்கள். அட்டையைத் திருப்பி ஆண்டைப் பாருங்கள்.

இனிப் படிக்கும் முறை. உங்கள் ஊரையே எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் மலேசியாவில் எந்தத் தோட்டத்து ஊருக்கும் இல்லாத வசதி சுங்கை சிப்புட்டுக்கு இருக்கிறது: தேசிய வரலாற்றுப் புத்தகத்தில் அந்தப் பெயர் அச்சாகியிருக்கிறது.

1948 ஜூன் 16. சுங்கை சிப்புட்டில் எல்பில் தோட்டத்தில் ஒரு ஐரோப்பிய மேலாளரும், பின் சூன் தோட்டத்தில் இருவரும் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். ஜூன் 18-இல் மலாயா முழுவதும் அவசரகாலம் வந்தது. ஜூலையில் மலாயா கம்யூனிஸ்ட் கட்சி தடை செய்யப்பட்டது. அவசரகாலம் முடிந்தது 1960 ஜூலை 31-இல். நாடு விடுதலை அடைந்து ஏறக்குறைய மூன்று ஆண்டுகள் ஆன பிறகு. உங்கள் மகனுக்கு எல்பில் எங்கே இருக்கிறது என்று தெரிந்திருக்கும். ஆனால் 'அவசரகாலம் அறிவிக்கப்படக் காரணம் என்ன' என்ற கேள்விக்கு அவன் என்ன எழுதுவான்? என் மாணவர்களில் பலர் எழுதியது இப்படி இருக்கும்: 'கொமுனிஸ் புனுஹ் ஓராங் பூத்தே.' கம்யூனிஸ்ட் வெள்ளைக்காரனைக் கொன்றான் என்று. விஷயம் சரி. புள்ளி மட்டும் வராது. 'பார்த்தி கொமுனிஸ் மலாயா மெம்புனுஹ் தீகா ஓராங் பெங்குருஸ் லாடாங் எரோப்பா டி சுங்கை சிப்புட்' (மலாயா கம்யூனிஸ்ட் கட்சி சுங்கை சிப்புட்டில் மூன்று ஐரோப்பியத் தோட்ட மேலாளர்களைக் கொன்றது) என்று எழுதினால்தான் திருத்துபவருக்கு அது விடையாகத் தெரியும். கட்சியின் முழுப்பெயர், எத்தனை பேர், அவர்கள் யார், எந்த இடம் என்று நான்கு தகவல்கள் ஒரே வாக்கியத்தில் வந்துவிட்டன. 'புனுஹ்' என்ற சொல்லுக்கு முன்னால் 'மெம்' என்ற முன்னொட்டும் சரியாக இருக்கிறது. மாணவனுக்குத் தெரியாத புதிய செய்தி அதில் ஒன்றுமே இல்லை என்பதைக் கவனியுங்கள்.

நம் பிள்ளைகளுக்கு மலாய் தெரியாது என்று சொல்வது தவறு. தாமான் என்னும் வீடமைப்புப் பகுதியில் பக்கத்து வீட்டுப் பையனோடு பந்தாடும்போதும் இரவுச் சந்தையில் பேரம் பேசும்போதும் சரளமாகப் பேசுகிறார்கள். அது கடைத்தெரு மலாய். முன்னொட்டு பின்னொட்டெல்லாம் உதிர்ந்துபோன மலாய். பேச்சில் அது போதும், யாரும் குறை சொல்ல மாட்டார்கள். தேர்வுத்தாளில் அதே பழக்கம் காலை வாரிவிடும். தமிழ்ப்பள்ளியில் ஆறு ஆண்டுகள் படித்துவிட்டு, சிலர் நடுவில், படிவம் 1-க்கு முன், ஓர் ஆண்டு புகுமுக வகுப்பையும் முடித்துவிட்டு வருகிறார்கள். அங்கே வரலாற்றுப் புத்தகத்தின் மலாய் திடீரென்று நிமிர்ந்து நிற்கிறது.

ஆகவே நான் சொல்லும் முறை இது. ஓர் அத்தியாயத்தை முதலில் தமிழில் சொல்லிப் பார்க்க வேண்டும், உங்களிடமோ தாத்தாவிடமோ. பிறகு பாடநூலிலிருந்தே அந்த நிகழ்ச்சிக்குரிய முழு மலாய் வாக்கியங்களைப் பொறுக்கிக் கையால் எழுத வேண்டும். ஓர் உட்தலைப்புக்கு ஐந்தாறு வாக்கியம் போதும், பக்கம் பக்கமாக வேண்டாம். மறுநாள் பார்க்காமல் எழுத வேண்டும். இதில் வரலாறும் மலாயும் ஒரே மணி நேரத்தில் படிக்கப்பட்டுவிடுகின்றன. இரண்டுக்கும் தனித்தனி அட்டவணை போட்டுப் பிள்ளையை வதைக்க வேண்டியதில்லை.

கேள்வியின் ஏவல் சொல்லையும் கவனிக்கப் பழக்குங்கள். ஞாத்தாகான் என்றால் பெயரைச் சொன்னால் போதும். ஜெலாஸ்கான், ஹுராய்கான் என்றால் விளக்கம் வேண்டும். பூக்திகான் என்றால் ஆதாரம் வேண்டும். ஒரு வரி கேட்ட இடத்தில் அரைப்பக்கமும், அரைப்பக்கம் கேட்ட இடத்தில் ஒரு வரியும் எழுதிப் புள்ளியை இழக்கிற பிள்ளைகளுக்குக் கணக்கே இல்லை.

அத்தியாயங்களை ஒன்றோடொன்று கட்டிப் படிப்பதும் முக்கியம். அதே 1948-லிருந்து தொடருங்கள். கம்யூனிஸ்ட்டுகளுக்கு உணவும் தகவலும் காட்டோரக் குடியேறிகளிடமிருந்து போகிறது என்று பிரிட்டிஷார் கண்டார்கள். 1950-இல் ஹரோல்ட் பிரிக்ஸ் வகுத்த திட்டப்படி காட்டோரத்தில் இருந்தவர்களைப் புதுக்கிராமங்களுக்குள் கொண்டுவந்தார்கள். தொழிலாளர்கள் குடியிருந்த தோட்ட லயங்களையும் ஒன்று சேர்த்து வேலி போட்டார்கள். 1951 அக்டோபரில் உயர் ஆணையர் ஹென்றி கர்னி பிரேசர் மலைப் பாதையில் கொல்லப்பட்டார். அடுத்து வந்த ஜெரால்ட் டெம்ப்ளர், மக்கள் மனத்தை வெல்லாமல் போரை வெல்ல முடியாது என்று கண்டார்; குடியுரிமை விதிகள் தளர்ந்தது அவர் காலத்தில். 1955 ஜூலைத் தேர்தலில் கூட்டணிக் கட்சி 52 இடங்களில் 51-ஐப் பிடித்தது. அந்தப் பலத்தோடு கூட்டணியின் தலைவர் துங்கு அப்துல் ரஹ்மான் டிசம்பரில் பாலிங்கில் கம்யூனிஸ்ட் தலைவர் சின் பெங்கைச் சந்தித்தார். பேச்சு தோற்றது. ஆனால் 1956 ஜனவரியில் துங்கு விடுதலை பற்றிப் பேச லண்டனுக்குப் போனபோது அந்தத் தோல்வியே அவருக்குச் சாதகமாக இருந்தது. இப்படிப் படித்தால் படிவம் 4-இன் ஆறாம் அத்தியாயமும் ஏழும் எட்டும் ஒரே கதையாகிவிடுகின்றன. ஆண்டுகளைத் தனியாக மனப்பாடம் செய்ய வேண்டிய தேவையும் பாதி குறைகிறது.

பாடநூலைப் பற்றி ஒன்றை மறைக்க விரும்பவில்லை. நம் தாத்தா பாட்டிகளின் வாழ்க்கை அதில் சில வரிகளில் முடிந்துவிடுகிறது. கங்காணி முறை, 1910-இல் ஒழிந்த ஒப்பந்தக் கூலி முறை, 1941-இல் கிள்ளான் தோட்டங்களில் நடந்த வேலைநிறுத்தம், சயாம் மரண ரயில்பாதைக்குப் போய்த் திரும்பாத தோட்டத்துத் தமிழர்கள், 1949 மே மாதம் தூக்கிலிடப்பட்ட தொழிற்சங்கத் தலைவர் எஸ்.ஏ. கணபதி. இவையெல்லாம் பிள்ளைக்குத் தெரிய வேண்டியவைதான். வீட்டில் சொல்லுங்கள். உங்கள் ஊர்க்காரரான துன் வீ.தி. சம்பந்தன், ஐரோப்பியர்கள் தோட்டங்களைத் துண்டு போட்டு விற்ற காலத்தில், 1960-இல், தொழிலாளர்களையே பங்குதாரர்களாக்கித் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியதையும் சொல்லுங்கள். அந்தக் கதைகள் பாடத்தின் மேல் ஒட்டுதலை உண்டாக்கும். ஆனால் தேர்வில் கேட்டது எதுவோ அதற்குத்தான் புள்ளி. தாத்தாவின் கதையை இரண்டாம் தாளில் எழுதி வைத்துவிட்டு ஏன் புள்ளி போடவில்லை என்று கேட்டு வந்த நல்ல பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன். மனத்துக்கு வேதனைதான், என்ன செய்வது.

இப்போது அரசாங்கப் பகுதி. இதை ஊரை விட்டு விலகிப் படித்தால் ஒரு வரியும் நிற்காது. கூட்டரசுப் பட்டியல், மாநிலப் பட்டியல், பொதுப் பட்டியல் என்று அரசியலமைப்பின் ஒன்பதாம் அட்டவணை சொல்கிறது. பிள்ளைகள் அதை மந்திரம் போல ஒப்பித்துத் தேர்வறையில் மாற்றி எழுதுகிறார்கள். உங்கள் மகனிடம் இப்படிக் கேளுங்கள். தமிழ்ப்பள்ளி ஆசிரியருக்குச் சம்பளம் யார் கொடுக்கிறார்கள்? கல்வி அமைச்சு, கல்வி கூட்டரசுப் பட்டியல். அந்தப் பள்ளி நிற்கும் நிலத்துக்குப் பட்டா வேண்டும் என்றால் யாரிடம் போக வேண்டும்? ஈப்போவில் இருக்கும் மாநில அரசிடம். நிலம் மாநிலப் பட்டியல். பள்ளிக்கு நிலம் கிடைக்க நம் சமூகம் ஏன் இரண்டு இடங்களுக்கு அலைகிறது என்பதும் இதில் விளங்கிவிடும். சமூக நலன் பொதுப் பட்டியல். தாமானில் சாக்கடை அடைத்தால் கோலாகங்சார் நகராண்மைக் கழகம். அது மாநிலத்தின் கீழ் வருகிறது. லயத்தில் அடைத்தால் தோட்ட நிர்வாகம், ஏனென்றால் அது தனியார் நிலம். நகராண்மைக் கழக உறுப்பினரை நாம் ஏன் தேர்ந்தெடுப்பதில்லை என்று அவன் கேட்டால் நல்ல கேள்வி என்று சொல்லுங்கள். ஊராட்சித் தேர்தல் 1965-இல் நிறுத்தப்பட்டது, 1976-ஆம் ஆண்டு ஊராட்சிச் சட்டத்தோடு நியமன முறை நிலைத்துவிட்டது.

மன்னர் பகுதியும் பேராக்கில் இருப்பவர்களுக்கு எளிது. மலாய் ஆட்சியாளர்கள் ஒன்றுகூடிய முதல் தர்பார் 1897-இல் நடந்தது கோலாகங்சாரில், உங்கள் வீட்டிலிருந்து பஸ் பிடித்துப் போகிற தூரம். மன்னர்கள் மன்றத்தின் வேர் அங்கே இருக்கிறது. ஒன்பது ஆட்சியாளர்கள் சுழல்முறையில் ஐந்தாண்டுக்கு ஒருமுறை நாட்டின் தலைவரான மாமன்னரைத் தேர்ந்தெடுக்கிறார்கள். பேராக் சுல்தான் அஸ்லான் ஷா 1989 முதல் 1994 வரை மாமன்னராக இருந்தார். மாமன்னர் பொதுவாக அமைச்சரவையின் ஆலோசனைப்படி நடக்க வேண்டும், ஆனால் பிரதமரை நியமிப்பதிலும் நாடாளுமன்றக் கலைப்புக்கு ஒப்புதல் மறுப்பதிலும் அவர் சொந்தமாக முடிவெடுக்கலாம் என்று 40-ஆவது பிரிவு சொல்கிறது. இது வெறும் எழுத்தில்லை என்பதற்கு உதாரணம் தேடிக் கோலாலம்பூருக்குப் போக வேண்டாம். 2009 பிப்ரவரியில் பேராக் சட்டமன்றத்தில் மூன்று உறுப்பினர்கள் ஆளும் கூட்டணியை விட்டு விலகினார்கள். மாநில அரசின் தலைவரான மந்திரி புசார் சட்டமன்றத்தைக் கலைக்கக் கேட்டார், சுல்தான் ஒப்பவில்லை, புதிய மந்திரி புசார் நியமிக்கப்பட்டார். ஓராண்டு கழித்துக் கூட்டரசு நீதிமன்றம் அந்த நியமனம் செல்லும் என்றது. யார் செய்தது நியாயம் என்று வீட்டில் எவ்வளவு வேண்டுமானாலும் வாதாடுங்கள். அந்த வாதத்தின் முடிவில், அதிகாரம் எங்கே தொடங்கி எங்கே நிற்கிறது என்பது பிள்ளைக்குத் தெரிந்திருக்கும்.

மேலவை, மக்களவைக் கணக்குகளை மட்டும் மனப்பாடம் செய்யத்தான் வேண்டும். மக்களவை 222 இடங்கள். மேலவை 70, அதில் 26 பேரை மாநிலச் சட்டமன்றங்கள் தேர்ந்தெடுக்கின்றன, 44 பேரை மாமன்னர் நியமிக்கிறார். வாக்களிக்கும் வயது 18 ஆகி, பதிவும் தானாக நடக்கும் முறை 2021 டிசம்பரில் நடைமுறைக்கு வந்தது. அதாவது உங்கள் மகன் எஸ்.பி.எம். முடித்த மறு ஆண்டே வாக்காளன். 2022 நவம்பரில் பேராக்கில் நாடாளுமன்றத்துக்கும் சட்டமன்றத்துக்கும் ஒரே நாளில் தேர்தல் நடந்தது. சுங்கை சிப்புட் நாடாளுமன்றத் தொகுதிக்கு ஒரு வாக்குச்சீட்டு. வீடு எங்கே இருக்கிறது என்பதைப் பொறுத்து லிந்தாங் அல்லது ஜாலோங் சட்டமன்றத் தொகுதிக்கு இன்னொரு சீட்டு. ஏன் இரண்டு சீட்டு என்று அவனால் சொல்ல முடிந்தால் கூட்டரசு முறை அத்தியாயத்தில் பாதி முடிந்தது.

மலாய் மொழித் தாளுக்கு ஒரு யோசனை மட்டும். நாளிதழில் ஒரே செய்தியை மலாயிலும் தமிழிலும் படிக்கச் சொல்லுங்கள். வரவு செலவுத் திட்டம், வெள்ளம், எரிபொருள் விலை எதுவாக இருந்தாலும் சரி. தமிழில் படித்தால் பொருள் முதலில் விளங்கிவிடும், பிறகு மலாய்ச் செய்தியில் வாக்கியம் எப்படிக் கட்டப்பட்டிருக்கிறது என்று பார்க்க மனத்துக்கு நேரம் கிடைக்கும். கட்டுரைக்கு வேண்டிய சொல்லும் கருத்தும் அங்கிருந்துதான் வரும். அச்சடித்த மாதிரிக் கட்டுரைகளிலிருந்து வராது. அவற்றைத் திருத்துபவர்கள் முதல் பத்தியிலேயே அடையாளம் கண்டுகொள்வார்கள். இலக்கியப் பகுதிக் கதைகளையும் கவிதைகளையும் சுருக்க நூலில் படிக்காமல் மூலத்தில் படிக்க வேண்டும், அவ்வளவுதான். ஆங்கிலத்தைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை. 2021-க்குப் பிறகு வாசிப்பு, எழுத்து, பேச்சு, கேட்டல் என்று நான்கு தாள்கள் இருப்பதை மட்டும் மனத்தில் வையுங்கள்.

இனித் தமிழ். மேலே சொன்ன எல்லாவற்றையும் பாருங்கள்: தமிழில் சொல்லிப் பார்ப்பது, தமிழ்ச் செய்தியோடு ஒப்பிடுவது, காரண காரியத்தை வீட்டில் பேசுவது. உங்கள் மகனிடம் இன்றைக்கு முழுதாக ஓடுகிற மொழி தமிழ் ஒன்றுதான். சிந்திப்பது அதில்தான். அதை நிறுத்தினால் மலாய்க்கு நேரம் மிச்சமாகும் என்பது கணக்கில் சரியாகத் தெரியும், நடைமுறையில் அப்படி நடந்ததை நான் கண்டதில்லை. மிச்சமான நேரம் கைப்பேசிக்குப் போகும். தமிழில் ஒரு கருத்துணர்தல் பகுதிக்கு ஒழுங்காக விடை எழுதத் தெரிந்த பிள்ளை, வரலாற்றின் உயர்நிலைச் சிந்தனைக் கேள்வியில் திணறுவதும் அரிது. எஸ்.பி.எம். தமிழில் ஏ வாங்குவது கடினம், மொத்தத் தேர்ச்சியைக் கெடுத்துவிடும் என்று பள்ளிகளில் பயமுறுத்துவார்கள். கடினம் என்பது உண்மை. இலக்கணமும் செய்யுளும் மொழியணியும் படிக்காமல் வராது. ஆனால் பிறகு தமிழாசிரியர் பயிற்சிக்கோ, மலாயாப் பல்கலைக்கழக இந்திய ஆய்வியல் துறைக்கோ போகும் வாசலை பதினாறு வயதில் சாத்திவிட வேண்டாம். தமிழ் இலக்கியப் பாடம் வேறு விஷயம். கதை படிக்கிற ஆசையும் வழிகாட்ட ஆசிரியரும் இருந்தால் எடுக்கட்டும், இல்லாவிட்டால் விட்டுவிடலாம்.

பள்ளியில் தமிழ் வகுப்பே இல்லை என்பது உங்கள் சிக்கலாக இருந்தால், 1996-ஆம் ஆண்டுக் கல்விச் சட்டத்தில் வழி இருக்கிறது. குறைந்தது பதினைந்து மாணவர்களின் பெற்றோர் கேட்டால், தேசிய இடைநிலைப்பள்ளி தமிழ் கற்பிக்க வசதி செய்து தர வேண்டும். கேட்பதைக் கடிதமாகக் கேளுங்கள், ஒரு நகலை வைத்துக்கொள்ளுங்கள். வாய்மொழியாகச் சொன்னால் ஆசிரியர் இல்லை, கால அட்டவணையில் இடமில்லை என்று பதில் வரும். எழுத்தில் கேட்டால் எழுத்தில் பதில் சொல்ல வேண்டியிருக்கும். சனிக்கிழமை வகுப்பு என்றாலும் ஒத்துக்கொள்ளுங்கள்.

பிரத்தியேக வகுப்புக்கு அனுப்பலாமா என்று கேட்டீர்கள். கணிதத்துக்கு வேண்டாம், வரலாற்றுக்கும் மலாய்க்கும் அனுப்பலாம். பணம் கட்டுவதற்கு முன் அந்த ஆசிரியரிடம் ஒன்றே ஒன்றைக் கேளுங்கள்: மகன் கையால் எழுதிய விடையை வாரம் ஒருமுறையாவது வாங்கி, வாக்கியம் வாக்கியமாகத் திருத்திக் கொடுப்பாரா? குறிப்புத்தாளும் எதிர்பார்க்கப்படும் கேள்விகளும் மட்டும்தான் தருவார் என்றால், அந்தப் பணத்தில் மாதம் முழுவதும் இரண்டு நாளிதழ் வாங்கிப் போடுங்கள். திருத்துவதற்குப் பள்ளி வரலாற்று ஆசிரியரையே மகன் அணுகட்டும். கையில் எழுதிய தாளோடு வருகிற மாணவனை எந்த ஆசிரியரும் திருப்பி அனுப்ப மாட்டார்.